தைராய்டு மாத்திரை தினமும் போட்டும் எடை இறங்கவில்லை: எங்கே பார்ப்பது?

செந்தூல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்காகக் கேட்கிறேன். வயது 42, உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ. தைராய்டு சுரப்புக் குறைவு, காரணம் ஹாஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். தைராய்டு மாத்திரை லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம். போன வருடம் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 3.4, இந்த மாதம் 8.1. மாத்திரை ஒரு நாளும் தவறுவதில்லை. சோறு குறைத்தாச்சு, ராத்திரிக்குச் சப்பாத்திதான். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், தவ்பூ (சோயாக் கட்டி) எல்லாம் நிறுத்தியாச்சு. எடை அசையவே இல்லை. கோதுமையையும் விடச் சொல்லி ஒருத்தர் சொல்கிறார். எதைச் சாப்பிடலாம், எதை விடணும்? கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை, மதியம் வெளிச்சாப்பாடு.

மருந்துச்சீட்டு (ஜார்ஜ்டவுன்):
சாப்பாட்டுப் பட்டியலுக்கு முன்னால் நாலு விஷயம் தெரியணும். மாத்திரை எத்தனை மணிக்கு, எதோடு விழுங்குகிறார்? பசியாற எவ்வளவு நேரம் கழித்து? வேறு என்ன மாத்திரை, வைட்டமின் எடுக்கிறார்? இந்த ஒரு வருடத்தில் மாத்திரையின் பிராண்டு மாறியதா? மாத்திரை தவறாமல் போடுகிறவருக்கு 3.4 திடீரென்று 8.1 ஆனால், சுரப்பி மேலும் பலவீனமாகியிருக்கலாம். அதைவிட அடிக்கடி பார்ப்பது, வயிற்றுக்குள் போன மாத்திரை ரத்தத்துக்குப் போய்ச் சேராததுதான்.

செந்தூல்காரி:
கேட்டுவிட்டேன் அண்ணே. 6.30க்கு எழுந்ததும் மாத்திரை, கையோடு டின் பால் போட்ட தே (தேநீர்). 7.15க்குப் பசியாறுதல், அப்போதே இரும்புச்சத்து மாத்திரை. ரத்தம் குறைவு என்று 5 மாதமாகக் கொடுக்கிறார்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் 5,000 மைக்ரோகிராம் ஃபார்மசியில் வாங்கிப் போடுகிறார். பிராண்டு மாறவில்லை.

மருந்துச்சீட்டு (ஜார்ஜ்டவுன்):
நினைத்தது சரியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

லெவோதைராக்சின் வெறும் வயிற்றில்தான் ஒழுங்காக உறிஞ்சப்படும். அப்போதுகூட முழுவதும் ரத்தத்துக்குப் போகாது, சுமார் 60 முதல் 80 சதவீதம்தான் போகும். பாலில் இருக்கும் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். காப்பியும் உறிஞ்சுவதைக் குறைக்கும். இரும்பு இன்னும் மோசம். குடலிலேயே மாத்திரையோடு ஒட்டிக் கரையாத பொருளாகி வெளியே போய்விடும். அதனால் இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையிலிருந்து குறைந்தது 4 மணி நேரம் தள்ளி இருக்கணும். இவருக்கு இடைவெளி முக்கால் மணி நேரம். 75 மைக்ரோகிராம் என்று சீட்டில் இருக்கிறது, உடம்புக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இவருக்கான நேரம் இப்படி இருக்கட்டும். 6.00க்கு எழுந்ததும் மாத்திரை, ஒரு முழு தம்ளர் வெறும் தண்ணீரோடு. 7.00 மணி வரை வேறு எதுவும் வேண்டாம். அவசரமென்றால் 30 நிமிடம், முடிந்தால் 60. பிறகு தே, பசியாறுதல். இரும்பு மாத்திரையை மதியத்துக்கு மாற்றுங்கள். அதோடு ஒரு துண்டு கொய்யா அல்லது எலுமிச்சை பிழிந்த தண்ணீர் சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். அந்தச் சமயத்தில் தேயும் காப்பியும் கூடாது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். கால்சியம் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அது ராத்திரிச் சாப்பாட்டோடு. நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் மாதிரி ஏதாவது நாள்கணக்கில் போட்டாலும் டாக்டரிடம் சொல்லணும். வயிற்றில் அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரை கரைவதும் குறையும்.

காலை வேளை ஒத்துவராது என்கிறவர்கள் படுக்கும்போது போடலாம். ஆனால் கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்கணும். 9.30க்கு மாமாக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டு 11க்குப் படுக்கிற வீட்டில் அது நடக்காது.

பயோட்டின் பற்றி. அது தைராய்டைக் கெடுக்காது, பரிசோதனையைத்தான் குழப்பும். சில லேப் இயந்திரங்களில் டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அப்படியென்றால் இவருடைய 8.1, உண்மையில் இன்னும் மேலே இருக்கலாம். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிடச் சொல்லுங்கள். முடி கொட்டுவது இரும்புக் குறைவாலும் தைராய்டாலும் இருக்கும்போது பயோட்டினால் பெரிய பயன் இல்லை, நிறுத்த அதுவும் ஒரு காரணம்.

செந்தூல்காரி:
டாக்டர் 100ஆகக் கூட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் போகிறார். கூட்டிக்கொண்டு, நேரத்தையும் மாற்றிவிடலாமா?

மருந்துச்சீட்டு (ஜார்ஜ்டவுன்):
செந்தூல்காரி, இங்கேதான் கவனம் வேண்டும். தேயோடும் இரும்போடும் போட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும். அது தெரியாமல் அவர் 100 எழுதி, இவர் அதே வாரம் நேரத்தையும் சரிசெய்தால் திடீரென்று மருந்து அதிகமாகிவிடும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். நாளாக ஆக எலும்பு தேய்வும் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும்கூட வரலாம். நேரத்தைச் சரிசெய்து அதே 75இல் 6 முதல் 8 வாரம் வைத்து மறுபடி பார்ப்பதா, உடனே கூட்டுவதா என்பது டாக்டர் முடிவு. ஆனால் ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான்.

ஏன் 6 வாரம்? இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அளவு நிலைப்பட 5, 6 வாரம் பிடிக்கும். இரண்டு வாரத்தில் போய் டி.எஸ்.எச். பார்த்தால் பாதி வழியில் இருக்கும் எண்ணைத்தான் காட்டும். கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. மாதவிலக்கு தள்ளிப்போன அன்றே டாக்டரைப் பார்க்கணும். அந்த நேரத்தில் அளவு கூட வேண்டியிருக்கும், எடைக் குறைப்புச் சாப்பாடும் கூடாது.

ஆயர் ஈத்தாம்:
மருந்து விஷயத்தை அண்ணன் சொல்லிவிட்டார். எடைக் கணக்கை நான் சொல்கிறேன். பலருக்கு இது பிடிக்காது, ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது. தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாக 2 முதல் 4.5 கிலோ. அதிலும் பெரும்பகுதி உடம்பில் தங்கும் உப்பும் நீரும். டி.எஸ்.எச். சரியானதும் முகவீக்கம் வடிந்து அந்த அளவு இறங்கலாம். அதற்கு மேல் இருப்பது தைராய்டின் கணக்கில் வராது, சாப்பாட்டின் கணக்கு.

72 கிலோ, 155 செ.மீ. என்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 30. மலேசிய வழிகாட்டலில் 23க்கு மேல் அதிக எடை, 27.5க்கு மேல் உடற்பருமன். 27.5க்கு இறங்கவே 66 கிலோ வரணும். முதல் இலக்காக 5 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ வையுங்கள். அந்த அளவுக்கே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் நகர ஆரம்பிக்கும்.

உடம்பின் கலோரிச் செலவை மிஃப்லின் சூத்திரத்தில் போடலாம். எடை 72ஐ 10ஆல் பெருக்கினால் 720. உயரம் 155ஐ 6.25ஆல் பெருக்கினால் 969. கூட்டி, வயது 42ஐ 5ஆல் பெருக்கிய 210ஐயும், பெண்களுக்குரிய 161ஐயும் கழித்தால் சுமார் 1,318 கலோரி. சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிப்பது இது. நாற்காலி வேலைக்கு 1.2ஆல் பெருக்கினால் 1,580. அதிலிருந்து 300 குறைத்து 1,280 அளவில் சாப்பிட்டால் மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இறங்கும். அவ்வளவுதானா என்று சலிக்க வேண்டாம். 1,200க்குக் கீழே சொந்தமாக இறங்குவதில் ஒரு குழப்பம் இருக்கிறது. பட்டினி போட்டால் உடம்பே டி4 என்ற தைராய்டு ஹார்மோனை, வீரியம் அதிகமான டி3ஆக மாற்றுவதைக் குறைத்துக்கொள்ளும். குளிர், மலச்சிக்கல், சோர்வு எல்லாம் கூடும். தைராய்டு மோசமாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையைக் கூட்டச் சொல்வார்கள்.

வல்லாரை:
சப்பாத்தி பற்றி முதலில். 40 கிராம் ஆட்டா மாவில் ஒரு சப்பாத்தி, எண்ணெய் இல்லாமலே 135 கலோரி. எண்ணெய் தடவிய மூன்று சப்பாத்தி 500ஐத் தாண்டும். வெந்த சோறு 150 கிராம் 195 கலோரிதான். சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்குப் போனதால் அந்த அக்காவுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. எது சாப்பிட்டாலும் அளவுதான் பேசும்.

ஆபீஸ்காரர்களுக்கு நம் சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு. கலப்புச் சோற்றுக் கடையில் வரிசையில் நிற்கும்போது முதலில் காயை எடுங்கள், கடைசியில் சோறு. 'நாசி செபாரோ, குவா ஆசிங்' என்று கேட்டால் பாதிச் சோறு கொடுத்து குழம்பைத் தனியாக ஊற்றித் தருவார்கள். நாசி கண்டாரில் நாலு குழம்பு வெள்ளமாக ஊற்றும்போதுதான் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்கிறது, ஒரு துண்டு மீனில் ஒன்றும் இல்லை. வாழையிலைச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறும், அப்பளமும், பொரித்த பாகற்காயும்தான் ஆபத்து. ரசத்தையும் மோரையும் தாராளமாக வாங்குங்கள்.

பசியாறுவதற்கு ரொட்டி சானாய் (பரோட்டா வகை) ஒன்று சுமார் 300 கலோரி, கூட தே தாரிக் ஒன்று 150 அளவு. வயிறு நிறையாமலே நாளின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே கடையில் வெறும் தோசை இரண்டு, சாம்பார் கூடுதலாக, அவித்த முட்டை ஒன்று, தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தே) வாங்கலாம். தே தாரிக் வேண்டவே வேண்டும் என்றால் வாரத்துக்கு இரண்டு, 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சொல்லி.

புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் என்று போட்டால் இவருக்கு நாளைக்கு 85 கிராம் பக்கம். நம் வீட்டுச் சாப்பாட்டில் இதுதான் எப்போதும் குறைகிறது. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கெம்போங் மீனில் (கானாங்கெளுத்தி) 20 அளவு, 100 கிராம் தோல் நீக்கிய வெந்த கோழி நெஞ்சில் 30, 100 கிராம் தெம்பேயில் (புளிக்க வைத்த சோயா) 19. வெந்த பருப்பு ஒரு கிண்ணம், 200 கிராம், 16 தரும். புரதம் குறைந்தால் எடையோடு தசையும் போகும், பசியும் நிற்காது.

பத்துமலைப் படி:
கோதுமையை நிறுத்தினால் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் குறையும் என்று நிறைய பேர் சொல்கிறார்கள். ரொட்டி, பிஸ்கட், மீ எல்லாம் விட்டால் எடையும் குறைகிறது. அதை ஏன் யாரும் இங்கே சொல்லவில்லை?

வல்லாரை:
அண்ணே, ரொட்டி சானாய், பிஸ்கட், மீ கோரெங் மூன்றையும் ஒருத்தர் விட்டால் எண்ணெயும் சீனியும் சேர்ந்தே போகிறது. எடை குறைவது அதனால்தான், கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் போனதால் என்று சொல்ல முடியாது. ஹாஷிமோட்டோ இருக்கிறவர்களிடம், குளூட்டன் சேராமல் குடலைப் பாதிக்கும் செலியாக் நோய் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்பது உண்மை. அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிறு உப்பசம், மாத்திரை போட்டும் ஏறாத இரும்பு இருந்தால் டாக்டரிடம் செலியாக்குக்கான டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை கேட்கலாம். ஆனால் பரிசோதனை முடியும்வரை கோதுமை சாப்பிட்டுக்கொண்டே இருக்கணும். முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். பிறகு மாதக்கணக்கில் குழப்பம்தான்.

இந்த அக்காவுக்கு 5 மாதமாக இரும்பு கொடுக்கிறார்கள் என்பதால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறதா என்பதையும் சேர்த்து. தைராய்டு குறைவில் அதுவும் நடக்கும், ரத்தம் குறையும்.

பத்துமலைப் படி:
சரி, பரிசோதனை பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். முட்டைக்கோஸ், தவ்பூ? அதையாவது நிறுத்தினது சரிதானே?

மருந்துச்சீட்டு (ஜார்ஜ்டவுன்):
வேண்டியதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சாவி (கடுகுக்கீரை வகை) இவற்றில் அயோடினோடு மோதும் பொருள் உருவாகக் காரணமான நொதி, சமைக்கும் சூட்டில் பெரும்பாலும் செயலிழந்துவிடும். பொரியலாக ஒரு கிண்ணம் சாப்பிடுவதில் ஒன்றும் இல்லை. பச்சையாக அரைத்துத் தினமும் பெரிய தம்ளரில் குடிப்பதைத்தான் தவிர்க்கணும். மரவள்ளிக் கிழங்கை நன்றாக வேகவைத்து எப்போதாவது சாப்பிடலாம், அது மாவுச்சத்து என்பதால் சோற்றுக்குப் பதிலாக எண்ணிக்கொள்ளுங்கள்.

சோயா சுரப்பியைக் கெடுப்பதைவிட மாத்திரையின் உறிஞ்சுதலைத்தான் தடுக்கிறது. காலை மாத்திரையிலிருந்து சில மணி நேரம் தள்ளிவிட்டால் தவ்பூவும் தெம்பேயும் தாராளமாகச் சாப்பிடலாம். 7 மணிக்கு மாத்திரை விழுங்கி 7.15க்குத் தவ்பூ ஃபா (இனிப்புச் சோயாப் பதார்த்தம்) குடிப்பதுதான் தப்பு. மலச்சிக்கலுக்கு இசப்கோல் எடுத்தாலும் அதே விதி, ராத்திரிக்குத் தள்ளுங்கள்.

அயோடின் கடற்பாசி மாத்திரை, கெல்ப் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், ஹாஷிமோட்டோவில் அதிக அயோடின் சுரப்பியை மேலும் அமுக்கும். அயோடின் சேர்த்த சாதாரண உப்பு, மீன், முட்டை இருந்தால் போதும். இளஞ்சிவப்பு இமயமலை உப்புக்கு மாறியவர்கள் பாக்கெட்டைப் படியுங்கள். பெரும்பாலும் அதில் அயோடின் சேர்த்திருக்காது.

ஆயர் ஈத்தாம்:
வீட்டுச் சமையலில் எண்ணெய் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. கரண்டிக் கணக்கு போட்டால் நமக்கே பொய் சொல்லிக்கொள்வோம். 1 கிலோ பாக்கெட் எண்ணெய் வெட்டிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். ஒரு கிலோவில் சுமார் 9,000 கலோரி. நாலு பேர் வீட்டில் 10 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளைக்கு 225. அதை 20 நாளுக்கு இழுத்தால் வேறு எதையும் தொடாமலே நாளைக்கு 110க்கு மேல் மிச்சம். தாளிப்பை ஒரு தேக்கரண்டியில் நிறுத்துவது, மீனைப் பொரிக்காமல் குழம்பில் போடுவது, தேங்காய்ப்பாலில் பாதிக்குப் பதிலாகப் பாலோ தயிரோ சேர்ப்பது, இதிலேயே வந்துவிடும். பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிப்புக்கு வைத்துக்கொள்கிற வீடுகளில் அதையும் கணக்கில் சேருங்கள்.

செந்தூல்காரி:
இது நல்ல யோசனை, இன்றைக்கே எழுதி வைக்கச் சொல்கிறேன். இன்னொன்று. ஆபீஸில் ஒரு 'கோப்பி குருஸ்' (மெலிய வைக்கும் காப்பி) விற்கிறார்கள், 10 பாக்கெட் 60 வெள்ளி. தைராய்டு இருக்கிறவர்கள் குடிக்கலாம் என்கிறார்கள். பார்மசியில் எடை குறைக்கும் ஊசி பற்றி வேறு பேசுகிறார்கள்.

மருந்துச்சீட்டு (ஜார்ஜ்டவுன்):
அந்தக் காப்பியைத் தொடவே வேண்டாம், அழுத்திச் சொல்கிறேன். மெலிய வைக்கும் காப்பிகளில் சிபுட்ராமின் என்ற பசியடக்கும் மருந்து கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010லேயே பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. குடித்த வாரம் பசி போகும், நெஞ்சு அடிக்கும், வாய் காயும். மருந்து என்று விற்கும் எதற்கும் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கணும். எண்ணை, மருந்துகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் பெயர் ஒத்துப்போகிறதா என்று தெரியும். உணவு என்று விற்பதற்கு அந்த எண் இருக்காது, அந்த ஓட்டையில்தான் இவை நுழைகின்றன.

ஊசி, செமக்ளூடைட் வகை, வேறு கதை. பதிவு பெற்ற மருந்து, டாக்டர் சீட்டோடு மட்டும். சாதாரண தைராய்டு குறைவு அதற்குத் தடை இல்லை. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் கூடாது. அது வயிறு காலியாவதை மெதுவாக்கும், எடையும் குறையும், இரண்டாலும் தைராய்டு மாத்திரையின் அளவு மாறவேண்டி வரலாம். எந்த வழியில் எடை குறைந்தாலும் 10 சதவீதம் இறங்கினால் டி.எஸ்.எச். மறுபடி பார்க்கணும்.

வல்லாரை:
நடை பற்றி. டி.எஸ்.எச். உயரமாக இருக்கும்போது தசைவலி, பிடிப்பு சீக்கிரம் வரும். முதல் மாதம் தினமும் 20 நிமிடம், பேசிக்கொண்டே போகும் வேகம் போதும். செந்தூலிலிருந்து தித்திவாங்சா ஏரி பக்கம்தான். பிறகு வாரம் 150 நிமிடத்துக்கு ஏற்றி, இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 10 முறை, மூன்று சுற்று. சுவரில் கை வைத்துத் தள்ளுவது அதே அளவு. மழையோ புகைமூட்டமோ இருந்தால் இவை வீட்டுக்குள்ளேயே நடக்கும்.

எடையை வாரம் ஒரு நாள், எழுந்து கழிவறை போய்வந்ததும், அதே தராசில் பாருங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஒன்றிரண்டு கிலோ நீர் ஏறும், அதைப் பார்த்து மனம் உடைந்து விரதம் பிடிக்க வேண்டாம். இடுப்பளவையும் எழுதி வையுங்கள், பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் வரணும்.

பத்துமலைப் படி:
தைப்பூசத்துக்கு 48 நாள் சைவ விரதம் இருப்பவர்கள் என்ன செய்யணும்? விடியற்காலை பூசை முடித்துப் பால் குடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு.

வல்லாரை:
மாத்திரை முதலில், ஒரு மணி நேரம் கழித்துப் பால். தண்ணீரோடு மாத்திரை விழுங்குவது விரதத்துக்குப் பங்கம் என்று நினைத்து 48 நாள் நிறுத்திவிடுகிறார்கள், அது கூடாது. பொரித்த சைவக் கோழி, சைவ மட்டன், வடை, பாயாசம் என்று போனால் விரதத்தில்தான் எடை ஏறும். பருப்பு, தவ்க்குவா (கெட்டித் தவ்பூ), தெம்பே, கொண்டைக்கடலை, தயிர் தட்டில் இருக்கட்டும். இரும்பு ஏற்கெனவே குறைவென்றால் விரதம் தொடங்கும் முன் ரத்தம் பார்த்து டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. பி12ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.

செந்தூல்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடைசியாக ஒன்று, ரத்தம் கொடுக்கிற அன்றைக்குக் காலையில் மாத்திரை போடலாமா?

மருந்துச்சீட்டு (ஜார்ஜ்டவுன்):
ரத்தம் எடுத்த பிறகு போடட்டும். விழுங்கிய 2 முதல் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் ஃப்ரீ டி4 (தனியாக உலவும் டி4 ஹார்மோன்) தற்காலிகமாக ஏறும், டாக்டர் பார்க்கும் எண் மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே காலை நேரத்தில் ரத்தம் கொடுத்தால் ஒப்பிடவும் எளிது. கொழுப்பும் சர்க்கரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டி.எஸ்.எச். உயர்ந்திருக்கும்போது எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ஏறும், அதற்குத் தனி மாத்திரை தொடங்கும் முன் தைராய்டைச் சரிசெய்து பார்ப்பது வழக்கம். கைப்பையில் மாத்திரையும் ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்துப் போகட்டும். ஊசி குத்தி முடிந்ததும் அங்கேயே விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறலாம்.